முள் படுக்கும் இடம்

என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அவர் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. உண்மையைச் சொல்லும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வார், அதுதான் கோளாறு. போதாக்குறைக்கு, அம்மப்பாவின் காரில் பின்னால் கிடந்த மாற்றுச் சில்லு, அந்த உபரிச் சக்கரம், ஒருநாள் யாழ்ப்பாணம் போய் ரேடியோவாகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் இருமினாலும் எதற்காக இருமுகிறார் என்று அம்மா யோசிப்பார்.

அது எங்கள் தீவு ஊரான நாரந்தனையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம். கடலில் படகுச் சத்தம் கேட்டால் யாருடையதோ என்று சந்தேகம். கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று சந்தேகம். ஒழுங்கையால் புதிதாக ஒருவர் சைக்கிளில் போனால் வேலிக்கு மேலால் நாலு தலை எட்டிப் பார்க்கும். எனக்குப் பத்து வயது. சந்தேகப்படுவது வளர்ந்தவர்களின் வேலை என்று நினைத்து நானும் அதை ஒழுங்காகப் பழகிக்கொண்டிருந்தேன்.

அம்மப்பா உத்தியோகத்தில் இருந்தபோது வாங்கிய அந்த ஏ-40 காரை ஊரில் 'ஏ போட்டி' என்பார்கள். உருண்டு திரண்ட கறுப்புக் கார். அம்மாவின் தங்கை குஞ்சம்மாவுக்குப் புளியங்கூடலில் கலியாணம் பேசியபோது சீதனத்தில் அதுவும் ஏறிக்கொண்டது. குஞ்சம்மா ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர். கலியாணப் பேச்சு வந்ததும் வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

மாப்பிள்ளை சவுதியில் இருந்ததால் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தகப்பன்தான் வந்தார். தட்டோடு வந்து நின்ற குஞ்சம்மாவை ஒரு வடை தின்று முடிக்கிற நேரம் பார்த்தார். பிறகு கார்க் கொட்டிலுக்குள் போனவர் வெயில் ஏறும்வரை வெளியே வரவில்லை. பொனற்றைத் திறந்தார், கதவை அடித்துச் சாத்தினார், சில்லை உதைத்தார். கடைசியில் சாரதியின் இருக்கையில் ஏறி இருந்து, இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, புளியங்கூடல் வரைக்கும் மனதால் ஒருமுறை போய்வந்தார்.

"எஞ்சின் பறவாயில்லை," என்றார் இறங்கி. "ஆனா மீற்றர் ஒண்டும் வேலை செய்யேல்லை. டாஷ்போட் முழுக்கக் கறள். காருக்கு ஒரு முகம் வேணுமெல்லோ? இதைத் திருத்துங்கோ. நயினாதீவு அம்மனிட்டை இதே காரிலை போய்க் கலியாண நாளை வைப்பம்."

அம்மப்பா ஓம் என்றார். குஞ்சம்மாவை யாரும் கேட்கவில்லை. அவர் குசினிக்குள் தட்டைக் கழுவிக்கொண்டு, "அவையள் காரைத்தானே பாத்தவை. காரையே கட்டிக்கொண்டு போகட்டுமன்," என்றார். "வாயை மூடடி," என்றார் அம்மா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காருக்குத் தாலி கட்டுகிற காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திருத்துகிற வேலை மாமாவிடம் வந்தது. ஊரில் அதற்கு வேறு ஆள் இல்லை. அவர் கொட்டிலுக்குள் போன அன்றே அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, அவன் எதைக் கழட்டுறான், எதைத் திருப்பிப் பூட்டுறான் எண்டு பாத்துக்கொண்டிரு. சில்லு போன மாதிரி மீற்றரும் போனா உன்ரை குஞ்சம்மான்ரை கலியாணமும் போயிடும்."

இப்படி ஒரு பொறுப்பு என்னிடம் அதுவரை யாரும் தந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டிலின் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் போய்க் குந்துவேன். மாமா டாஷ்போட்டை முழுதாகக் கழற்றிச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார். நடுவில் வேகம் காட்டுகிற பெரிய வட்டம். பக்கத்தில் பெற்றோலுக்கும் எண்ணெய்க்கும் பற்றறிக்கும் சின்ன வட்டங்கள். கடற்காற்று எல்லாவற்றையும் துருவேற்றித் தின்றிருந்தது. தகரத்தை அரத்தாளால் தேய்த்தார். மீற்றர்களைச் சுற்றியிருந்த வெள்ளி வளையங்களைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு மினுக்கினார். எலி கடித்த வயர்களை மாற்றினார். ஒருநாள் எதையோ பேப்பரில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாண பஸ் ஏறியதைக் கண்டு மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். பின்னேரம் அவர் திரும்பியபோது அம்மா வாசலிலேயே மறித்துப் பொதியைப் பிரித்தார். உள்ளே, மீற்றர்களுக்கு அளவாக வட்டமாய் வெட்டுவித்த கண்ணாடிகள் இருந்தன. "கள்ளன் எண்டு நினைச்சியளோ?" என்று மாமா கண்ணைச் சுருக்கினார். அம்மாவின் தையல் மெசின் எண்ணெய் காணாமல் போனதை மட்டும் நான் சரியாகக் கண்டுபிடித்தேன்.

மீற்றர்கள் செத்துக் கிடந்த காலமெல்லாம் மாமா பெற்றோலை ஒரு பூவரசந் தடியால்தான் அளந்து வந்தார். பட்டை உரித்து, கத்தியால் அடையாளம் வெட்டிய தடி. தாங்கிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எந்த வெட்டு மட்டும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பெற்றோல் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதால் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றமாட்டார். அந்தத் தடியை அவர் தன் கையைவிட அதிகம் நம்பினார்.

மீற்றர் முகங்களில் எழுத்துகள் உதிர்ந்துபோய்க் கிடந்தன. அதைப் புதிதாக எழுதுகிற வேலை குஞ்சம்மாவுக்கு வந்தது. கோயில் திருவிழா அறிவித்தல் பலகைகள் எழுதுகிற கை அது. என் கவராயத்தை வாங்கி வட்டம் கீறி, கறுப்பு மையடித்த தகட்டில் வெள்ளையால் ஒவ்வொரு கோடாக இழுத்தார். மயிரிழை தவறாத கோடுகள். பெற்றோல் மீற்றருக்கு வந்தபோது மாமாவிடம் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

"அண்ணை, முள்ளு கீழை படுத்துக்கிடக்கிற இடத்திலையோ 'ஈ' எழுதிறது?"

"இல்லையடி. சாவி போடாட்டித்தான் அது படுத்திருக்கும். சாவியைத் திருப்பினா எழும்பிக் கொஞ்சம் மேலை வந்து நிக்கும். தாங்கி வெறுமையெண்டால் அதிலைதான் நிக்கும். அந்த இடத்திலை 'ஈ' எழுது."

"நிரம்பியிருந்தால்?"

"அங்காலை, வலப்பக்கம் 'எஃப்'."

மாமாவை யாரும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டு வெகுகாலம். அவர் மலர்ந்துபோய் முள்ளின் குணநலன்களை எல்லாம் விளக்கினார். எனக்கு அந்தக் குசுகுசுப்புப் பிடிக்கவில்லை. "மாமா தன்ரை தில்லுமுல்லை குஞ்சம்மாவுக்கும் பழக்குறார்," என்று அன்று அம்மாவுக்கு அறிக்கை கொடுத்தேன்.

எல்லாம் பூட்டியானதும் மாமா ஒரு கலன் பெற்றோலை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து ஊற்றினார். தாங்கியில் முன்பே கிடந்ததோடு சேர்த்து மீற்றர் அரைவாசி காட்டியது. தடியை விட்டுப் பார்த்தார். தடியும் ஏறக்குறைய அரைவாசி என்றது. மாமாவின் கண் கலங்கிவிட்டது. நான் கண்டதைச் சொல்கிறேன், உண்மையாகவே கலங்கியது. பிறகு தடியைச் சுழற்றி விறகுக் குவியலில் எறிந்தார். "இனி இது விறகுக்குத்தான். மீற்றர் இருக்கேக்கை தடி என்னத்துக்கு?"

அதன் பிறகு மீற்றரைக் காட்டுவதற்கென்றே அவர் காரை எடுத்துக்கொண்டு திரிந்தார். சந்திக்குப் போனார், துறைக்குப் போனார், தெரிந்தவர்களை எல்லாம் ஏற்றி இறக்கினார்.

நயினாதீவுக்குப் போகிற நாள் காலை குசினிக்குள் போனேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே எரிவது மாமாவின் தடி. வெட்டு அடையாளங்கள் ஒன்றொன்றாகக் கருகிக்கொண்டிருந்தன.

"அது மாமான்ரை தடியெல்லோ?"

"அவர்தானே விறகுக்கு எறிஞ்சவர். போய் வெளிக்கிடு," என்றார் குஞ்சம்மா. பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேநீரை ஊற்றி, அர்ச்சனைக் கூடைக்குள் வாழையிலைக்கு அடியில் வைத்தார். நான் அவசரமாக வெளியே ஓடினேன். மாமா காரடியில் தனியாக நின்றார். அவரைக் கண்காணிக்க ஆள் இல்லை.

முன்னால் மாமா, அம்மப்பா, மாப்பிள்ளையின் தகப்பன். பின்னால் மாப்பிள்ளையின் தாய், அம்மா, குஞ்சம்மா, அம்மாவின் மடியில் நான். எல்லோரும் பச்சைத்தண்ணீரும் வாயில் விடாமல் விரதத்தோடு இருந்தோம். நல்ல காரியத்துக்கு அம்மனிடம் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் மீற்றர்களின் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்துத் துடைத்து வந்தார். பெற்றோல் முள் கால்வாசிக்குச் சற்று மேலே நின்றது. போய்வரத் தாராளம் என்றார் மாமா.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில், சரியாக நிழலே இல்லாத இடத்தில், கார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது.

மாமா இறங்கினார், ஏறினார், பொனற்றைத் திறந்தார். காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தாங்கிக்குள் ஒரு சலம்பலும் இல்லை.

"பெற்றோல் இல்லையோ?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"கிடக்குது ஐயா! சத்தியமா! இஞ்சை பாருங்கோ!" மாமா சாவியைத் திருப்பினார். முள் நல்ல பிள்ளையாக எழும்பிக் கால்வாசியில் வந்து நின்றது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"எங்கை என்ரை தடி?" என்று மாமா கத்தினார்.

எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் கண்விழித்துக் காத்த வேலைக்குப் பலன் கிடைக்கிற நேரம் அது. "தடி காலமை அடுப்பிலை எரிஞ்சுபோச்சு. மாமாதான் விறகுக்கு எறிஞ்சவர்," என்று எல்லோருக்கும் கேட்க உரத்துச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் மெல்லத் திரும்பினார். "அளக்கிற தடியையும் எரிச்சுப்போட்டுத்தான் வந்தனீரோ? தம்பி, மீற்றருக்கு மை பூசின ஆள் நீர். சாதகத்துக்கு என்னத்தைப் பூசினனீர்?"

அம்மப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் விடவில்லை. காணி உறுதி, பெண்ணின் வயது, அம்மப்பாவின் பென்சன் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் அவருக்கு வந்துகொண்டே இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகு எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். மாப்பிள்ளையின் தாய்க்குத் தலை சுற்றத் தொடங்கியபோது குஞ்சம்மா கூடையைத் திறந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா விரதத்தை மறந்து மளமளவென்று குடித்தார். விரதம் முறிந்தபின் அன்றைக்கு அம்மனிடம் போய் நாள் வைப்பதாவது. "பாவம், நல்ல பிள்ளை," என்றார் குஞ்சம்மாவின் கையைத் தடவி. "இந்தக் குடும்பத்திலை வந்து பிறந்திட்டுது."

பிறகு வந்த ஒரு ட்ரக்டரில் அவர்கள் இருவரும் ஏறிப்போனார்கள். கலியாணப் பேச்சும் அதே ட்ரக்டரில் போனது. மாமாவை அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கதவுத் தாழ்ப்பாளைத் தொடவும் அம்மா விடவில்லை. குஞ்சம்மாவுக்குப் பயிற்சிக் கலாசாலைக்கு அழைப்பு வந்தபோது, வேறு வரனும் கையில் இல்லாத சலிப்பில் அம்மப்பா போ என்றுவிட்டார். அவர் ஆசிரியையானார். கூடப் படிப்பித்த ஒருவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டார்.

போன வருடம் குஞ்சம்மாவின் மகளுடைய கலியாணத்துக்குக் கூடியிருந்தோம். அம்மா வழக்கம்போல் தாம்போதிக் கதையை எடுத்தார். கனடாவிலிருந்து வந்திருந்த மாமா வழக்கம்போல், "கால்வாசி காட்டினது, சத்தியமா," என்றார். யாரும் நம்பவில்லை. "இவள் தேத்தண்ணி கொண்டு வராட்டி அண்டைக்குச் செத்திருப்பம்," என்றார் அம்மா. நூறு தரம் கேட்ட கதை. அன்றைக்குத்தான் எனக்கு எங்கோ இடறியது.

தனியாக இருக்கும்போது கேட்டேன். "விரதத்தோடை போற பயணத்துக்குத் தேத்தண்ணி என்னத்துக்கு, குஞ்சம்மா?"

குஞ்சம்மா மாலைக்குப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "'ஈ'யை முள்ளு படுக்கிற இடத்திலை எழுதினா, வெறுந்தாங்கியும் கால்வாசி காட்டும் எண்டு உனக்குத் தெரியாதோ?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. "நீ அப்ப கொம்மா சொன்ன ஆளையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனி," என்றார். பிறகு ஒரு வாடின பூவை எடுத்து அப்பால் போட்டார்.

ஓம், அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று தாம்போதியில் கடைசியாக எனக்கும் ஒரு பேணி தேநீர் வந்தது. கூடைக்குள் அத்தனை பேருக்கும் பேணி இருந்தது, சீனியும் அளவாக இருந்தது. "ஆறுதலாக் குடி, இப்ப ஒருத்தரும் போகேலாது," என்று குஞ்சம்மா என் தலையைத் தடவினார். நான் ஊதி ஊதிக் குடித்தபடி, பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற மாமாவின் கைகளை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.