வளையத்தின் மெலிந்த பக்கம்

மாமியாரின் கால்களை வெந்நீரில் ஊற வைத்து, நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். படுக்கையோடு இருப்பவர்களுக்கு நகம் தடித்துவிடும். நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்தால் சதைக்குள் ஏறும். தெரிந்த வேலைதான், ஆனாலும் கை நின்று நின்று போயிற்று.

"ஏம்மா, விரலையும் சேர்த்து எடுத்துடாதே."

"இல்ல அத்தை, ஒரு யோசனை."

"நாளைக்குப் பேசப் போறியே, அந்த ஓட்டையா?"

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே ஓட்டைக்காரிதான். வடிவங்களின் கணக்குப் படித்தவள். புற்றுக்கட்டி ஒவ்வொன்றும் அவள் திரையில் ஒரு புள்ளி. மரபணு மாற்றங்கள் ஒத்துப்போகும் கட்டிகள் பக்கம் பக்கமாக விழும். புள்ளிகள் கோடாக நீண்டால் நோய் ஒரே வழியில் முற்றுகிறது. நடுவில் ஓட்டை விட்டு வளையமாக நின்றால், இரண்டு வழியில் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. அவளுக்குக் கிடைத்தது வளையம். எவ்வளவு தூரத்தைப் 'பக்கம்' என்று கொள்வது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஓட்டை மூடவில்லை. மருத்துவர்களுக்கு வாயெல்லாம் பல். வழிக்கு ஒரு மருந்தென்று நோயாளிகளைப் பிரிக்க மறுநாள் முடிவெடுக்கப் போகிறார்கள்.

அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. வளையத்தின் ஒரு பக்கம் மெலிந்து, ஏதோ சில புள்ளிகளின் தயவில் நின்றது.

பாதி நகத்தோடு எழுந்து கையைத் துடைத்தாள். திசு மாதிரிகளைப் பாதுகாக்கும் தோழிக்குப் போன் போட்டாள்.

"வளையத்துல அந்த மெலிஞ்ச பக்கத்துக் கட்டியெல்லாம் மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுதானே?"

"அப்படித்தான் நினைக்கறேன். இரு, பார்க்கறேன்." பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்லடி. நோய் திரும்பி வந்தப்ப எடுத்தது. எல்லாரும் மருந்து முடிச்சவங்க."

அப்படியானால் அது நோய் தானாக நடந்த வழி அல்ல, மருந்து விரட்டி ஓடிய வழி. அதை நம்பி, மருந்தே தொடாதவர்களுக்குத் தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டால்?

"வளையம் கிடைச்சாச்சுன்னு உங்க ஆராய்ச்சிக்கூடத் தலைவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சே," என்றாள் தோழி.

"அடிச்ச கை வலிக்கட்டும்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "மீதியை வெட்டுவியா, இல்ல இந்தக் காலும் கூட்டத்துக்கு வரணுமா?"

வெட்டி முடித்தாள்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன் அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். வளையம் பிரிந்து வெறும் கொக்கியாக, ஒற்றை வழியாக நின்றது. கூட்டத்தில் அந்தப் படத்தையே முதலில் போட்டாள். தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று.

"இதை அப்புறமா சொல்லியிருக்கலாமே."

"நோயாளிகளைப் பிரிக்கறதை அப்புறமா வச்சுக்கலாம் சார்."

அறுவை மருத்துவர்தான் முதலில் கை தூக்கி, தள்ளிவைக்கலாம் என்றார். கூட்டம் கலைந்ததும் அவளும் அவரும் உறைபெட்டி அறைக்கு இறங்கி, கணக்கை மறுபடி போட, அந்த நோயாளிகளில் மருந்துக்கு முன் எடுத்த திசு யார் யாருக்கு மிச்சமிருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள்.