நான்கு ஓம் பெட்டியும் நம்பாத தெருவும்

"கலா அக்கா போய்ட்டாங்கடா" என்று அம்மா போனில் சொன்னபோது, "எங்க, செங்கம் ரோட்டுக்கா? இந்த தடவை எத்தனை ஆம்ப்ளிஃபயர் தூக்கிட்டு வராங்களாம்?" என்று கேட்டேன். அம்மா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவில்லை. அவரைப் பற்றி நான் அடித்த கடைசி ஜோக் அது. அவர் கேட்கவில்லை என்பது அவருக்கு லாபம்.

நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் அவருடைய அண்ணன் தணிகாசலம் மாமா. "நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார். நல்லது அக்காவைப் பற்றி. மற்றது வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இருக்கும் உங்களைப் பற்றி.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. அத்தை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆசிரமம் பக்கம் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் இரண்டு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்களை வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தார். "துணி பீரோவா?" என்று கேட்டவர்கள் நீங்கள்தான். "இவ்ளோ பெரிய பெட்டிக்கு வாட்ஸ் ஜாஸ்தி வேணும்" என்று அறிவுரை சொன்னதும் நீங்கள்தான். அக்கா பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்த மின்தடை அளவைப் படித்தார்: நான்கு ஓம். "வாட்ஸ் ஜாஸ்தியானா சத்தம் ஜாஸ்தியாகும். பாட்டு ஜாஸ்தியாகாது" என்றார்.

பொருத்தமான ஆம்ப்ளிஃபயர் கிடைக்க ஏழு மாதம் ஆனது. பெண் பார்த்திருந்தால்கூட இதற்குள் குழந்தைக்குக் காது குத்தியிருப்பார்கள் என்றேன். செங்கம் ரோட்டு ரிப்பேர் கடையிலிருந்து ஒவ்வொன்றாக ஒரு நாள் இரவல் வாங்கி வருவார். முதலாவது கால் மணி நேரத்தில் தோசைக்கல் மாதிரி சுட்டு அணைந்தது. நான்கு ஓமை அதனால் தாங்க முடியவில்லை. இரண்டாவது தாங்கியது, ஆனால் ரேடியோ செய்தியைப் போட்டுக் கேட்டுவிட்டு, "செய்தி படிக்கறவருக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று அக்கா அதையும் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவதாக வந்தது, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பழைய குட்டி ஆம்ப்ளிஃபயர். செய்தி படிப்பவர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா சிரித்தபடியே வானிலை அறிக்கைவரை கேட்டார்.

ஒருநாள் அவர் ஆபீசில் இருந்தபோது, ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கருப்பு வயர்களை மாற்றி மாட்டிவிட்டேன். சாயங்காலம் பாட்டைப் போட்டவர் ஒரு பல்லவி முடிவதற்குள் எங்கள் கேட்டில் நின்றார். "குரல் நடுவுல இல்லடா. ரெண்டு செவுத்துலயும் ஒட்டிக்கினு நிக்குது. வந்து நீயே சரியா மாட்டு." அம்மாவிடம் சொல்லவில்லை. திட்டக்கூட இல்லை. கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமி நாளில் மட்டும் ஸ்பீக்கரைத் தொடமாட்டார். கேட்டால், "ஊரே கத்தும்போது நாம வேற எதுக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு நீங்கள் செய்த மரியாதையைப் பார்ப்போம்.

கருமாதிக்கு வந்த மைக்செட்காரரிடம் ஒரு ஸ்பீக்கர் குறைந்தது. "வீட்லயே ரெண்டு பெட்டி சும்மா நிக்குதே. அவ ஆசையா வாங்கினது. அவ காரியத்துல பாடட்டும்" என்றார் மாமா. ஒரு பெட்டி பந்தலுக்கு வந்தது. மைக்செட்காரர் வயரை நூறு வோல்ட் முனையில் சொருகினார். தெருக்கோடியில் கட்டும் கூம்புக் குழாய்களுக்கான முனை அது.

"அண்ணா, அது வீட்டு ஸ்பீக்கர். நாலு ஓம். எரிஞ்சிடும்" என்றேன்.

"யாருங்க இந்தப் பையன்?"

"இவனா? தண்ணி டேங்க்ல பாம்புன்னு சொல்லி தெருவையே ஓட வெச்சவன். நீங்க போடுங்க" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தீர்கள். அம்மா மேல் சத்தியம் செய்தேன். "போன தடவையும் அம்மா மேலதான்டா செஞ்ச" என்று அம்மாவே சிரித்தார்.

பக்திப் பாட்டு நான்கு வரி ஓடியது. ஐந்தாவது வரியில் பெட்டி கரகரத்தது, பிறகு நின்றது. துணிக்குப் பின்னாலிருந்து மெல்லப் புகை வந்தது. "பழசு இல்லையா, அப்படித்தான்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினீர்கள். ஏழு மாதம் பொருத்தம் பார்த்த பெட்டியை நான்கு வரியில் கொன்றுவிட்டுப் பழியை அதன் வயதின் மேல் போட்டீர்கள். அந்தத் தலையாட்டலை நான் மன்னிக்கப்போவதில்லை.

பாம்பு இல்லாதபோது நம்பி ஓடினீர்கள், நெருப்பு இருந்தபோது சிரித்தீர்கள். உங்களை அப்படிப் பழக்கியது நான்தான். அந்தக் கோபத்தை யார் தலையில் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மைக்செட்காரர் அடுத்த பெட்டிக்காக வீட்டுக்குள் போனார். நான் முந்திப் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எந்திரிடா" என்றார் மாமா.

"மாட்டேன்."

"விளையாடறியா?"

"இல்ல மாமா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாமி கும்பிட்டு, பந்தி போட்டு, இலை எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். வடையை மாமாதான் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. ஒற்றைப் பெட்டியில் பாதிப் பாட்டுதான் வருகிறது. மீதிப் பாதியையும் சேர்த்துக் காதால் கேட்டவர்கள் இந்தத் தெருவில் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார்.