ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கிய ஸ்டெல்லா அக்கா

கிர்ர்... கிர்ர்... அந்தப் பிரிண்டர் போடும் சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டுவார். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தாள் பெட்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக ஏறி வரும். அதைக் கிழிக்கிற உரிமை ஸ்டெல்லா அக்காவுக்கு மட்டும்தான். நான் கை வைத்தால் திட்டு விழும்.

எண்பதுகளில், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் ஒரு டைப்பிங் ஸ்கூல். நான் சிடாம் கிரியிலிருந்து பஸ் ஏறி வந்து கவுண்டரில் உட்காருகிறவள். அக்கா கோலா கெத்தில்காரர், டைப்பிங் சொல்லிக்கொடுப்பார். முதலாளி ஆசையாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து, பிறகு பயந்துபோய்த் துணி போட்டு மூடிவிட்டார். துணியை எடுத்தது அக்கா. புத்தகத்தைப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

ஓப்பன் சோர்ஸ் என்ற பேரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் வேலை கிட்டத்தட்ட அதேதான்... பக்கத்து மாநிலம் பினாங்கில் ஒரு கம்ப்யூட்டர் கிளப் இருந்தது. யார் யாரோ எழுதிய புரோகிராம்களை டிஸ்கில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். நன்றாக வந்தால் திருப்பி அனுப்பலாம், அடுத்த டிஸ்கில் சேர்த்து எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

மாற்றியவர் தன் பேரையும் ஊரையும் புரோகிராமின் உச்சியில் ஒரு வரியாக எழுத வேண்டும். அதுதான் வழக்கம். அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. மனுஷர்கள் படிக்க மட்டும்.

அக்காவுக்கு அந்த ஒரு வரி மேல்தான் ஆசை. வீட்டில் மூத்தவர், சம்பளம் அப்படியே அம்மா கைக்குப் போகும், கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டராவது ஒண்ணாவது. அதற்குள் ஒரு டிஸ்கிலாவது தன் பேர் ஏறிவிட வேண்டும் என்று துடித்தார்.

கிடைத்தது ஒரு காலண்டர் புரோகிராம். வருஷத்தைக் கொடுத்தால் பன்னிரண்டு மாதத்தையும் அடித்துத் தள்ளும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் லீவு என்று நட்சத்திரம் போட்டது. கெடாவில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதானே லீவு... அக்கா உட்கார்ந்து மாற்றினார். அந்த வருஷத்துத் தீபாவளி, தைப்பூசம், கிறிஸ்மஸ் எல்லாம் சேர்த்தார். சுவரில் மாட்டியிருந்த மளிகைக்கடைக் காலண்டரோடு ஒவ்வொரு நாளாக ஒத்துப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை.

மின்னல் வேகத்தில் டைப் அடிக்கிற அக்கா, அந்தப் பேர் வரியை மட்டும் மெதுவாக அடித்தார். தன் பேர், அப்பா பேர், கோலா கெத்தில்.

"எம்பேரு பினாங்கு போவுதுடி" என்றார்.

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்று எங்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனாலும் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை. அக்கா கத்தோலிக்கர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை நாள். வேலை முடித்துச் சாயங்காலப் பூசைக்குத்தான் ஓடுவார். அவருக்கு ஞாயிறு அப்படித்தான் பழகியிருந்தது.

கிளப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். கிளப் செயலாளர் ஒரு தமிழர், போன் போட்டார். எடுத்தது அக்கா. சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"ஸ்டெல்லான்னு பேர வச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழமய வேல நாளாக்கிட்டீங்களேலா... ஃபாதருக்குத் தெரியுமா?"

மனுஷர் கெட்டவர் இல்லை. எந்த நாள் லீவு என்று கேட்கிற மாதிரி மாற்றி அனுப்புங்கள், கட்டாயம் சேர்க்கிறோம் என்றும் சொன்னார். அக்கா "சரிங்கண்ணே... மன்னிச்சுக்குங்கண்ணே" என்றே பேசி வைத்தார். எதற்கெடுத்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவது அவர் பழக்கம்.

அன்றைக்கே மாற்றினார். அருமையாக வந்தது. கடைசியில் உச்சிக்குப் போய்த் தன் பேரை அழித்தார்.

"வேணாங்க்கா, இருக்கட்டும்" என்றேன்.

"போதும்டி... ஒருவாட்டி சிரிச்சது போதும்."

டிஸ்க் போனது. இரண்டு மாதத்தில் அக்கா கல்யாணமாகித் தைப்பிங் ஊருக்குப் போய்விட்டார். அப்புறம் தொடர்பு விட்டுப்போனது.

சில வருஷம் கழித்து அலோர் ஸ்டாரில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் காலண்டர் புரோகிராம் ஒன்று கிடந்தது. ஓட்டிப் பார்த்தேன். "மாஃப்..." என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, லீவு வெள்ளியா ஞாயிறா என்று கேட்டது. புரோகிராமைத் திறந்தேன். உச்சியில் ஈப்போ, மலாக்கா என்று ஊர் ஊராகப் பேர்கள்... நடுவில் ஒரு வரி மட்டும் காலி.

போன மாதம் என் மகள் ஏதோ ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்கு முதன்முதலாக எழுதி அனுப்பினாள். அதில் ஒரு தப்பு. உலகமே பார்க்க நாலு பேர் சுட்டிக்காட்டினார்கள். இவள் சிரித்துக்கொண்டே திருத்தி அனுப்பினாள். தப்பும் அவள் பேரில் இருக்கிறது, திருத்தமும் அவள் பேரில் இருக்கிறது. யாருக்கும் வெட்கம் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது... பொறாமை இல்லை, அக்காவை நினைத்து.

மகளிடம் கதையைச் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்து, "தேடிப் பாக்கலாம்மா... அவங்க முழுப் பேரு என்னா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லா அக்கா என்றுதான் தெரியும்.

முழுப் பேர் அந்த வரியில்தான் இருந்தது.