போன வருஷத்து இரண்டாவது கோல்

ஸ்ரெதென் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி தின்ற விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. விரல் இடுக்கெல்லாம் கொழுப்பு வழிய, அதை என் மேஜை விரிப்பிலேயே துடைத்துக்கொண்டு, வாய் நிறையக் கறியோடு பேசினான். அவன்தான் எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்குத் தலைவன். பன்றி இறைச்சித் தொழிற்சாலை வைத்திருக்கிறான். என் புருஷன் வெலிமிர் அந்தக் கிளப்பின் கோச்.

வெலிமிர் மொராவா ஆற்றங்கரையில் செங்கல் சூளைக்காரனுக்குப் பிறந்தவன். இளவயதில் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். இவனைப் பந்து தாண்டினாலும் ஆள் தாண்ட மாட்டான் என்று கிண்டல் செய்வார்கள். யூகோஸ்லாவியா இருந்த காலத்தில் இரண்டாம் டிவிஷனில் ஆடினான். பெல்கிரேடிலிருந்து பெரிய கிளப் ஒன்று கூப்பிட்ட அதே வசந்தத்தில் முழங்கால் போனது. அப்புறம் நாடும் போனது. கோச் ஆனான். சம்பளம் தராத கிளப், கூரை ஒழுகும் அறை, பாதி வழியில் நின்றுபோகும் பஸ், எல்லாம் பார்த்தான். எங்கேயும் நிலைக்கவில்லை. எப்படி நிலைப்பான்? சீசன் முடியும்போது எல்லாத் தலைவனும் ஒன்றைத்தான் கேட்பான்: இந்த மேட்சை விட்டுக்கொடு, அடுத்த வருஷம் அவர்கள் நமக்கு விடுவார்கள். இவன் முடியாது என்பான். மறுநாள் வேலை இருக்காது. "பொழைக்கத் தெரியாதவனைக் கட்டிக்கிட்டியேடி" என்று என் அக்கா முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

போன வருஷம்தான் கொஞ்சம் தலை நிமிர்ந்தோம். கடைசி மேட்சில் யெலோவிக் அணியை இரண்டு கோல் போட்டு ஜெயித்ததால் எங்கள் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தது. ஊரே வெலிமிரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. அறுபது வயது மனுஷன் குழந்தை மாதிரி அழுதான்.

இந்த மே மாதம் புனித ஜோர்ஜ் நாள் வந்தது. எங்கள் வீட்டு ஸ்லாவா, குலப் புனிதருக்கு எடுக்கும் விருந்து, அன்றுதான். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவனை வெளியே அனுப்புவதும் இல்லை. வீட்டுக்காரன் நாள் முழுக்க நின்றுகொண்டே பரிமாறுவான். இதெல்லாம் தெரிந்துதான் ஸ்ரெதென் அன்றைக்குப் பார்த்து வந்தான், களவாணிப் பயல். மேஜையில் பாதிரியாரும் ஊர்க்காரர்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். புனிதருக்குப் படைத்த இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டான், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், மேஜையின் தலைப்பக்க நாற்காலியில் சாய்ந்தான்.

"கோச்சு, ஞாயித்துக்கிழமை மேட்சை யெலோவிக்காரனுக்கு விட்டுரு. தோத்தா கீழ எறங்கிடுவான், பாவம்."

"நான் விட மாட்டேன்னு உனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வெலிமிர் அவன் கிளாஸில் ராக்கியா சாராயம் ஊற்றினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாய்க்கு ஊற்றவும் வேண்டுமா?

"அட, போன வருஷம் அவன் நமக்கு விட்டான்ல? பதிலுக்கு நாம செய்ய வேண்டாமா?"

"எப்ப விட்டான்?"

ஸ்ரெதெனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவனைப் பாருங்கப்பா! நெசமாவே ஜெயிச்சோம்னு நெனச்சிட்டிருக்கான்!"

மேஜையில் இருந்த அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்கள். ஆக, எல்லாப் பயலுக்கும் தெரியும். தெரிந்தேதான் தோளில் தூக்கியிருக்கிறார்கள். த்தூ!

வெலிமிர் பாட்டிலைக் கீழே வைத்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாதிரியார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"இப்ப நான் வீட்டுக்காரன் இல்ல. நீ விருந்தாளி இல்ல. எந்திரி."

"புத்தி பெரண்டுபோச்சா உனக்கு? புனிதர் நாளும் அதுவுமா..."

"எந்திரிச்சு வெளிய போடா!"

"இனிமே கிரவுண்டு பக்கம் வந்துராத" என்று சொல்லிவிட்டு ஸ்ரெதென் போனான். கையில் எடுத்த எலும்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவன் போனால் மற்றவர்கள் வெலிமிரின் முதுகைத் தட்டிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பக்கத்து வீட்டு போகோல்யுப், "என்ன இருந்தாலும் ஸ்லாவா அன்னிக்கு விருந்தாளியத் தொரத்தலாமா? பாவம் புடிக்கும்" என்றான். அவன் மோவாயில் என் வீட்டுக் கொழுப்பு மினுங்கியது.

"மேட்சை வித்தா புடிக்காதாடா?" என்று வாசல் வரை போய்க் கத்தினேன். ஒருத்தனும் திரும்பவில்லை. அவர்கள் தட்டுகளைக் கழுவும்போது எனக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு தடவை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரெதெனின் மச்சான் கோச்சாக நின்றான். மைதானம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். யெலோவிக்காரர்கள் போட்ட கூச்சல் சமையலறை வரை கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன். வெலிமிர் எழுந்து போய்த் திறந்தான். மறுபடியும் ஒரு கூச்சல் எழுந்து அடங்கிய பிறகு பேசினான்.

"தேசா, மொத கோலை அவனுங்க விட்டிருக்கலாம். கீப்பர் கைக்கு நேரா போன பந்துதான் அது. ஆனா ரெண்டாவது? எடது பக்கமா நாலு பாஸ், அப்படியே உள்ள. குளிர்காலம் பூரா பனியில நின்னு நான் பழக்கினது. அத யாராலயும் விக்க முடியாதுல்ல?"

எனக்கு ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும்? அன்றைக்கு நான் பந்தையே பார்க்கவில்லை. இவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியாது" என்றேன். "அது உன்னோடதுதான்."

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."