‘அன்டில்’ திங்கட்கிழமைப் பாடம்

எனக்குக் கல்யாணமாகி நான்காவது மாதம், என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "எனக்கு இங்கிலீஸ் சொல்லிக் குடு" என்றார். நான் கருவாடு கழுவிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போது நாங்கள் மலாயாவில், பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரிக்கு டிரைவர். நான் களை வெட்டும் கூட்டத்தில் வேலை செய்தேன். நான் பிறந்தது கூலிமில். அங்கே ஓர் இங்கிலீஷ் பள்ளியில், சண்டை வந்து பள்ளிக்கூடத்தை மூடுகிறவரை, நான்கு வருஷம் படித்திருந்தேன். ஆக என்னுடைய இங்கிலீஷ் பத்து வயதோடு நின்றுபோன இங்கிலீஷ். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா அதை ஒரு நகையைப்போலச் எடுத்துக் காட்டியிருந்தார். அது இப்படி வேலைக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னத் துரையின் காடியை, மோட்டார் காரை, ஓட்டிக்கொண்டிருந்தவர் ஈப்போ பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். சின்னத் துரை வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவருக்குத் தமிழ் பிடிபடவில்லை. ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து, "நேத்து எல்லாரும் சீக்கிரம் வரணும்" என்று உத்தரவு போட்டார். முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர், "வந்தோமே தொரை" என்றார். துரை சொல்ல வந்தது நாளைக்கு என்று. அப்படிப்பட்டவருக்கு இங்கிலீஷ் புரிகிற டிரைவர்தான் சரிப்படும் என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சொல்லிவிட்டார். என் கணவர் கிராணியிடம், எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"டிரைவருக்கு என்னப்பா பெருசா வேணும்? எங்க போறது, எப்ப வர்றது. எங்கங்கிறதை அவரு வெரல நீட்டிக் காட்டிருவாரு. எப்பங்கிறதைக் காட்ட முடியாதில்ல. அத மட்டும் படிச்சுக்கோ."

எப்ப என்பதை மட்டும் படிப்பது என்று முடிவானது. மத்தியானம் மூன்று மணிக்கு, லோரியைக் கழுவி நிறுத்திவிட்டு வந்து, முகம் கழுவி, தலை சீவி, பலகைக் கட்டிலில் அவர் உட்காருவார். நான் எதிரே தரையில். ஆசிரியை தரையிலும் மாணவர் கட்டிலிலும் இருந்த பள்ளிக்கூடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. பெண்டாட்டியிடம் பாடம் படிக்கிறவன் என்று பேர் வந்துவிடும் அல்லவா.

முதல் வாரம் அட், ஆன், இன். மணிக்கு அட், கிழமைக்கு ஆன், மாசத்துக்கு இன். அட் ஃபைவ், ஆன் மன்டே, இன் ஜூலை. எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே சொல்லிக்கொடுத்தேன். என் பழைய ஆசிரியை தப்பாகச் சொன்னால் விரல் முட்டியில் அடிமட்டத்தால் அடிப்பார். ஏன் என்று கேட்டாலும் அடிப்பார். கணவரை அடிக்க முடியாததால் அவர் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆன்னா மேலேன்னு நீதானே சொன்ன? மேசை மேல, பெட்டி மேல. திங்கக்கிழமை மேல எப்படி இருக்கிறது?"

"கிழமைன்னா ஆன்தாங்க. அப்படியே வச்சுக்கங்க."

"அப்ப ஜூலைக்கு மட்டும் ஏன் உள்ள போகணும்?"

"மாசம் பெருசு. உள்ள எடம் இருக்கு."

"கிழமையில எடம் இல்லையா? ஒரு நாள் பூரா வேலை வாங்குறானுங்களே."

இப்படி ஒரு வாரம் போனது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் எங்கள் வீட்டில் கண் எரியும். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். நான்கு பிள்ளைகள், புருஷன் இல்லை. வேகமான கை, அதைவிட வேகமான வாய். இரண்டாவது வாரம் ஒருநாள், "இரவிலே, சொல்லுங்க பார்ப்போம்" என்று நான் கேட்டேன்.

"இன் நைட்" என்றார் என் கணவர்.

"அட் நைட்" என்றது சுவர்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.  பிறகு அக்காவின் குரல் வந்தது. "காலையில இன் மார்னிங்கு, ராத்திரி மட்டும் அட்டு. முந்தாநாளே சொல்லிக்குடுத்துட்டியேம்மா."

அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. மறுநாள் நான் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தேன். பாதியில் சுவர் தட்டப்பட்டது. "சத்தமாச் சொல்லும்மா. கேக்கல."

என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவ்வளவு தெரியும்னா, ராத்திரிக்கு மட்டும் ஏன் அட்டுன்னு சொல்லச் சொல்லு" என்றார்.

"இதென்ன தம்பி பெரிய கேள்வி? பகல் பூரா வேலைக்குள்ள கெடக்குறோம். அதான் இன். ராத்திரி எதுக்குள்ளயும் இல்ல, சும்மா கெடக்குறோம். அதான் அட்டு."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இதைவிட நல்ல காரணம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்கா பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். பிறகு சுவருக்கும் சேர்த்தே பாடம் நடத்தினேன். மூன்றாவது வாரம் ‘பை’ சொல்லிக்கொடுத்தேன். பை ஃபோர் என்றால் நாலு மணிக்குள்ளே. அதற்கு அடுத்தது அன்டில். அதைத் திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று ஒத்திவைத்தேன். வியாழக்கிழமை துணி துவைக்க வேண்டியிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சின்னத் துரையைச் சுங்கைப்பட்டாணிக்கு அழைத்துப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அன்றைக்குச் சரியாக ஓட்டினால் வேலை நிலைக்கும். என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டு, இன் மார்னிங், அட் நைட் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று ஒவ்வொரு வரியாகப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

டவுனில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் சின்னத் துரை இறங்கியிருக்கிறார். இறங்கி, காடிக் கதவைச் சாத்திக்கொண்டே, "வெய்ட் ஹியர் அன்டில் ஃபோர்" என்று சொல்லியிருக்கிறார். இவர் காதில் ஃபோர் தெளிவாக விழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் வந்த சொல் புரியவில்லை.

"அட்டு இல்ல, ஆன் இல்ல, இன்னும் இல்ல. அப்ப மிச்சம் இருக்கிறது பைதானே?"

"பையும் அன்டிலும் ஒண்ணா கேக்குதா உங்களுக்கு?"

"பெரிய எடத்துப் பேச்சு, கொஞ்சம் நீட்டிப் பேசுறாருன்னு நெனச்சேன்."

நாலு மணிக்குள்ளே வந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு, காடியோடு பாக்கார் ஆராங்கில் இருந்த பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே சோறு தின்று, காடியை ஒருமுறை கழுவித் துடைத்து, மூன்றே முக்காலுக்கு, கால் மணி நேரம் முன்னதாக வந்துவிட்டோம் என்ற பெருமையோடு திரும்பியிருக்கிறார். கட்டட வாசலில் சின்னத் துரை இல்லை. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையிலிருந்து கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், கை தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பி, தோட்டத்துக் காடியா? ஒங்க தொரை பதினோரு மணியிலேருந்து இங்கதான் இருக்காரு. ஏழு கிளாஸ் தேத்தண்ணி ஆச்சு. கூட்டிக்கிட்டுப் போயிருங்க. சாயங்காலக் கூட்டத்துக்கு எனக்கு அந்த மேசை வேணும்."

திரும்பி வருகிற வழி முழுக்கச் சின்னத் துரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாராம்.  துணி துவைப்பதை ஒருநாள் தள்ளிப்போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் சின்னத் துரை வந்து நின்றார். எல்லாருக்கும் முன்னால் என் கணவரைக் கூப்பிட்டார். "நான் சொன்னது அன்டில் ஃபோர். நீ எங்கே போனது?" என்று பாதித் தமிழில் கேட்டார். பக்கத்தில் கிராணி, இப்போதே சீட்டைக் கிழித்துவிடுகிறவரைப்போல நின்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்னாலும் வேலை போகும். தெரியும் என்று சொன்னாலும் போகும்.

அப்போது மரம் வெட்டுகிறவர்கள் வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு முன்னால் வந்தார்.

"தொரை. ஹி நோ லேர்ன் அன்டில். வைஃப் டீச் அட், ஆன், இன், பை. ஃபினிஷ். அன்டில் இஸ் ஆன் மன்டே."

 சின்னத் துரை அக்காவைப் பார்த்தார். "ஆன் மன்டே?" என்றார்.

"எஸ் தொரை. ஆன் மன்டே. அட் த்ரீ."

கிராணியின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மொத்தப் பெரட்டும், களை வெட்டும் கூட்டத்தில் மண்வெட்டிக்குப் பின்னால் ஒளிய முடியாமல் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தது. என் கணவர் காது சிவந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ, "வாத்தியாரம்மா" என்றார்கள். ஒரு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. சின்னத் துரை சிரிக்கவில்லை. சாயங்காலம் இருவரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பகல் முழுக்க என் கணவர் என்னோடு பேசவில்லை. அக்காவோடும் பேசவில்லை. "நான் என்னத்த செஞ்சேன், உள்ளதைத்தானே சொன்னேன்" என்று அக்கா சுவர் வழியாக இரண்டு தடவை சொன்னார்.

ஆபீஸ் வராந்தாவில் சின்னத் துரை எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. அவர் என்னிடம் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். பாதி எனக்குப் புரிந்தது; மீதியைக் கிராணி சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவர் டவுனுக்குப் போனது தமிழ்ப் பரீட்சைக்கு. துரைமார்கள் தமிழில் தேறினால்தான் மேலே போக முடியும். நாலு மணிவரை நடக்க வேண்டிய பரீட்சை அவருக்குப் பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. முதல் கேள்வியாக, இந்தத் தோட்டத்தில் எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"நான் சொன்னது, ரெண்டு வருசத்துக்கு அப்புறம் இருக்கேன்" என்றார் சின்னத் துரை. "அந்த ஆளு கேட்டது, அப்போ இப்போ எங்கே இருக்கே?"

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சின்னத் துரை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். ஏழு கிளாஸ் தேநீர் குடித்தவனுக்குக் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஏதோ இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அப்படித்தான் புரிந்தது. திங்கட்கிழமைப் பாடத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

வீட்டில் நடத்த முடியாது. ஆயாக் கொட்டகையில், பிள்ளைகளைத் தாய்மார்கள் அழைத்துப்போன பிறகு, நடத்தினோம். அன்றைக்கு என்னவோ நான்கைந்து பிள்ளைகள் மிச்சம் இருந்தன. ஒரு பிள்ளை சின்னத் துரையின் காலுறையைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தது. அக்கா முன்பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார், இனிமேல் சுவர் தேவையில்லை என்று.

நான் அன்டில் என்றால் வரைக்கும் என்றேன். பை என்றால் குள்ளே என்றேன். சின்னத் துரை நோட்டில் எழுதிக்கொண்டு, "ரெண்டும் நாலு மணி. என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குத் திகைப்பாகிவிட்டது. எனக்கு அடிமட்டத்தோடு சொல்லிக்கொடுத்த பாடத்தில் வித்தியாசம் என்று ஒன்று இருந்ததில்லை. இரண்டு தடவை ஏதோ சொல்லிப் பார்த்தேன். அக்காகூடப் பக்கத்திலிருந்த பிள்ளைக்கு மூக்குத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது என் கணவர், இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்து, நிதானமாகச் சொன்னார். "தொரை, நாலு மணி வரைக்கும்னா, நான் காடியோட அங்கயே நிக்கணும். வெயில் அடிச்சாலும் நிக்கணும். நாலு மணிக்குள்ளன்னா, பாக்கார் ஆராங்குக்குப் போயி சோறு தின்னுட்டு வரலாம். நாலு மணிக்கு அங்க இருந்தா போதும்."

சின்னத் துரை அதை அப்படியே, பாக்கார் ஆராங், சோறு எல்லாவற்றோடும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை" என்றார். என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. 

அடுத்த வாரம் பெஞ்சி போதவில்லை. வாத்தியாரம்மா என்று சிரித்தவர்களில் மூன்று பேர் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். என் கணவருக்குக் காடி வேலை கிடைத்தது. அடுத்த முறை பரீட்சைக்கும் அவர்தான் சின்னத் துரையை அழைத்துப் போனார். அன்று நாலு மணிவரைக்கும் அசையாமல் நின்றார். பரீட்சையும் நாலு மணிவரைக்கும் நடந்தது. தேறிய கையோடு, சின்னத் துரைக்கு வேறு தோட்டத்தில் பெரிய வேலை கிடைத்துவிட்டது. அவருக்குப் பிறகு வந்த சின்னத் துரை நன்றாகத் தமிழ் பேசுகிறவர். இங்கிலீஷ் எதற்கு என்று ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அக்காவும் என் கணவரும்தான் மிச்சம். அக்கா மெர்போக்கில் தம்பியோடு இருக்கப் போன பிறகு என் கணவர் மட்டும்தான்.

வேளைச் சொற்கள் முடிந்து இறந்தகாலத்துக்குப் போனோம். அதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டைகள் வந்தன. விறகு பிளந்தீர்களா, தண்ணீர் எடுத்தீர்களா என்று கேட்டால் போதும், கட்டிலில் படுத்தபடியே, "ஐ டிட்" என்பார். வினைச்சொல் சரியாக இருக்கும். போய்ப் பார்த்தால் தொட்டி காலியாக இருக்கும்.