பார்லிக் கம்பெனி மாப்பிள்ளை

காலை பத்து மணிக்கு நாங்கள் பீர் குடிப்போம். அலுவலகத்தில், மேலதிகாரியோடு, சம்பளத்துக்கு. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் முதல் வரிக்குத் திரும்பிப் போயிருப்பீர்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன். தென் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரின் பீர் ஆலையில், தரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஆறு சின்ன கிளாஸ்கள், ஆளுக்கு ஒரு தாள். முகர்ந்து, வாயில் வைத்து, விழுங்க வேண்டும். ஒயின்காரர்களைப் போலத் துப்பிவிட முடியாது. பீரின் கசப்பு தொண்டைக்குப் பக்கத்தில்தான் முழுசாகத் தெரியும். வந்த புதிதில், விழுங்கும் ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பிப் பார்ப்பேன். அப்பா வந்துவிடுவாரோ என்று.

என் மேலதிகாரி கிறிஸ்டா, ஐம்பது வயதைத் தாண்டியவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். பீரை அளந்து பார்க்கும் முன் அதிலுள்ள வாயுவை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். மற்றவர்கள் நாலு விரற்கடை உயரத்தில் பயந்து பயந்து ஊற்றினார்கள். நான் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, இழுத்து ஆற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “இதை எங்கே படித்தீர்கள்?” என்றார் கிறிஸ்டா. “புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்” என்றேன். கல்லூரி நாட்களில் எங்கள் ஊர் அரிமளத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்ற நேரமெல்லாம் அங்கே டீ மாஸ்டரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். விடுதியில் தண்ணீரை வைத்துப் பழகினேன். கிறிஸ்டா மரியாதையோடு தலையசைத்தார். “பஸ்ஸ்டாண்ட். தனியார் கல்லூரியா?” விளக்கிச் சொல்லும் அளவுக்கு அப்போது என் ஜெர்மன் வளரவில்லை. ஆமாம் என்றேன்.

இதே மாதிரி ஒரு ‘ஆமாம்’ ஊரில் என் அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார். அரிமளத்தில் போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லா வீட்டு வாசலும் அவருக்குத் தெரியும். எல்லா வீட்டுக்காரர்களும் அவரிடம் மகனைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை வரக்கூடாது என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் வேறு. மகன் பீர் கம்பெனியில் இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வார்? “பார்லி சம்பந்தப்பட்ட கம்பெனி” என்று ஆரம்பித்திருக்கிறார். பீருக்கு மூலப்பொருள் பார்லிதான், பொய்யில்லை. ஆனால் நம் ஊரில் பார்லி என்றால் நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் பார்லித் தண்ணி. “நல்ல காரியமாச்சே” என்று ஊர் பாராட்டியது. அப்பா மறுக்கவில்லை.

அப்படித்தான் குளத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். வளர்மதி, பார்மசி படித்து ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நான் விடுப்பில் வந்து இறங்கிய பிறகுதான், குளத்தூர் போகும் பஸ்ஸில், அப்பா விஷயத்தைச் சொன்னார். “இப்ப ஒண்ணும் பேசாத. கல்யாணம் முடியட்டும், பைய சொல்லிக்கலாம்.” அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் தெரியும்.

பெண் வீட்டில் உட்கார்ந்ததும் வளர்மதி தட்டோடு வந்தாள். தட்டில் காப்பி இல்லை. வெண்மையாக, எலுமிச்சை பிழிந்து, லேசாக ஆவி பறக்க, எல்லோருக்கும் பார்லித் தண்ணி. அவளுடைய அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “தம்பி பார்லிக் கம்பெனின்னு சொன்னாங்க. அதான் காப்பி வேணாம்னுட்டேன். எங்க வீட்டு சரக்கு எப்புடி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.” அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். தொழில் பழக்கம், முதலில் முகர்ந்தேன். பிறகு ஒரு மடக்கு. “கொஞ்சம் தீஞ்சிருக்குங்க” என்று நாக்கு முந்திக்கொண்டது. உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் இன்னும் மகிழ்ந்துபோனார். “பாத்தீங்களா, தொழில் தெரிஞ்சவரு! ஏந்தம்பி, ஒங்க கம்பெனி சரக்குக்கு இங்கிட்டு ஏஜென்சி கெடைக்குமா? மெடிக்கல்ல வச்சா பிச்சிக்கிட்டுப் போகும். பாக்கெட்டா, பாட்டிலா?”

“பாட்டில்தான்” என்றார் அப்பா.

வளர்மதி தட்டை எடுக்கக் குனிந்தாள். “தொறந்தா நொரை வருமாங்க?” என்று மெல்லக் கேட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். கம்பெனி பெயரைப் போனில் தேடியிருக்கிறாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்களில் கேலி இருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்கிற கவனமும் இருந்தது.

“வருங்க” என்றேன். “அது பீர் கம்பெனி. நான் அங்க தரம் பாக்குறேன்.”

அவளுடைய அப்பா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். என் அப்பா எழுந்து நின்றார். “அவன் மேல தப்பில்ல. அவன் என்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லிட்டான். நாந்தான் ஊருக்கு மாத்திச் சொன்னேன். மன்னிச்சிருங்க.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார் வளர்மதியின் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

திரும்புகிற வழியில் பஸ்ஸில் அப்பா கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தன குடிப்பே?” “ஆறு மடக்குப்பா.” “போதை ஏறாதா?” “ஏறாதுப்பா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பறம் எதுக்குத்தான் அதக் குடிக்கிறாங்க?” என்றார். அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு அவரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுரை வருமா என்று கேட்டவளை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். “வேலை சரி. வீட்டுல குடிப்பீங்களா?” “வாரத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கெழமை.” “கூடுனா?” “கூடாது.” “கூடுனா நான் ஊருக்குக் கெளம்பி வந்துருவேன். எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். பொய் சொல்லிருந்தீங்கன்னா, அன்னைக்கே ஒங்க கம்பெனி போட்டோவ சபையில காட்டிருப்பேன்” என்றாள். அவளுடைய அப்பாவைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

கல்யாணமாகி இப்போது ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வீட்டின் உரிமையாளர் மாடு வளர்க்கும் விவசாயி. ஆலை ஊழியர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் பீர்ப் பெட்டிகளை வளர்மதி அவருக்குக் கொடுத்துவிட்டுக் கறந்த பால் வாங்கிக்கொள்கிறாள். கடைப் பாலில் டிகாஷன் எடுபடவில்லையாம். நன்றிக்காக ஒருநாள் அவருக்கு டபரா டம்ளரில் காப்பி வைத்தோம். டபராவைத் தனியே எடுத்து, இது சாம்பல் தட்டா என்று கேட்டுச் சிகரெட்டைத் தேடினார்.

சென்ற ஞாயிறு மதியம் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் காப்பி, எனக்கு என் வாரக் கணக்கு. அப்பா வீடியோவில் வந்தார். நலம் விசாரித்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தி, “தம்பி, அந்தக் கிளாஸ அங்கிட்டுத் தள்ளி வையி. எதுத்த வீட்டம்மா வர்றாங்க” என்றார். தள்ளினேன். “இன்னுங் கொஞ்சம்.” இன்னும் தள்ளினேன். எதிர்வீட்டம்மா திரையில் முகம் காட்டி, “நல்லாருக்கீங்களா தம்பி?” என்றார்கள். “நல்லாருக்கேன், வாங்க” என்று கும்பிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஆனால் மேஜை விளிம்புக்குப் போய்விட்ட கிளாஸ் விழாமல் இருக்க என் வலது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அரிமளத்துக்கு ஒரு கையால் மட்டும் கும்பிட்டேன்.