ஐந்து என்றால் கந்தல்

"உன் காது ரெண்டும் ஒரே அளவா இல்லையேடா கண்ணா! இப்படியே வெளியே போனா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்று வக்கீலக்கா ஒரு சட்டையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். காது என்று அவர் சொல்வது காலரின் இரண்டு முனைகளை. சேர்த்து மடித்துப் பார்த்தால் ஒன்று ஒரு நூல் அளவு நீளம். சட்டை பதில் சொல்லாது என்பதால் அதன் தரப்பு வாதத்தையும் அவரே பேசிவிடுவார். "தைச்சவங்க அவசரம். பாவம், நீ என்ன பண்ணுவே?" வக்கீலக்கா என்ற பெயரே அப்படி வந்ததுதான். வாதம் முடிந்ததும் துண்டுச் சீட்டில் '4' என்று எழுதி, பிரித்துத் தைக்க அனுப்பிவிடுவார்.

நாங்கள் சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் மேசையில் நிற்கும் பதினொரு பெண்கள். தைத்து வருவதற்குத் தரம் போடுவது எங்கள் வேலை. ஒன்று என்றால் குற்றமே இல்லை, நேராகப் பெட்டிக்குப் போகலாம். ஐந்து என்றால் கந்தல், மெஷின் துடைக்கத்தான் ஆகும். இந்தக் கணக்கு எங்கள் பேச்சிலும் ஏறிவிட்டது. உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால் "இன்னைக்கு ரெண்டு" என்போம். "எங்க வீட்டுக்காரரு ஒண்ணரை. அந்த அரை, குறட்டைக்கு" என்பார் வக்கீலக்கா.

கண்ணாடி எப்போதும் அவர் தலைமேல்தான் இருக்கும். தையலைக் கண்ணால் பார்ப்பதைவிட வலது கட்டைவிரல் நகத்தால் தடவித்தான் அதிகம் கண்டுபிடிப்பார். வேடிக்கையாக ஒன்று சொல்லத் தொடங்கினால், முடிக்கும் முன்பே சிரித்துவிடுவார். அதனால் அவருடைய பல கதைகளின் முடிவு எங்களில் யாருக்கும் தெரியாது. பேசாதவள் என்பதால் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "நீ கேளு, நான் பேசறேன். சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

பத்தொன்பது வருடங்களாக நின்றே வேலை செய்கிறார். காலையில் செருப்பு வாரை மூன்றாம் ஓட்டையில் மாட்டுவார். மதியம் கால் வீங்கி, அது கடைசி ஓட்டைக்கு வரும். மாலையில் வாரைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார். இனி உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள், இல்லையென்றால் வேலையையே விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பிரிவில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி, சூப்பர்வைசருடையது. போன மாதம் அவர் ஓய்வு பெற்றதும் அது காலியானது. "பதவி யாருக்கு வேணும்? என் காலுக்கு அந்த நாற்காலி போதும்" என்று வக்கீலக்கா பெயர் கொடுத்தார்.

ஆனால் இந்த முறை ஆளைத் தேர்ந்தெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். கையில் ஐம்பது வரிகள் அச்சடித்த தாள். ஒருவருடைய குணம் தெரிந்தால் அவர் வேலையில் எப்படி உயர்வார், உடல்நலம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம் என்றார்.

"கையை நீட்டணுமா மேடம்?" என்று கேட்டார் வக்கீலக்கா.

"வேணாம்மா, எழுதினா போதும்."

"நல்லதாப் போச்சு. என் கை ரேகையெல்லாம் துணி தடவியே தேஞ்சுபோச்சு."

'எடுத்த வேலையை முடிப்பேன்.' 'புதியவர்களோடு எளிதில் பழகுவேன்.' 'மனம் தளரமாட்டேன்.' ஐம்பதும் இப்படி நல்ல குணங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் எழுத வேண்டும். பதினொரு பேரும் எழுதிக் கொடுத்தோம்.

நான்காம் நாள் முடிவு வந்தது. டீ நேரத்தில் வக்கீலக்கா தன் தாளை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "வேலையைப் பாதியில் விடுபவர். பிறரோடு பழகத் தயங்குபவர். பிற்காலத்தில் தூக்கமின்மையும் இரத்த அழுத்தமும் வர வாய்ப்பு அதிகம். மேற்பார்வைப் பணிக்கு உகந்தவர் அல்லர்."

"பழகத் தயங்குறவரா? நீங்களாக்கா? பஸ்ஸில பக்கத்துல உட்கார்ந்தவங்க இறங்கறதுக்குள்ள அவங்க மாமியார் வரைக்கும் விசாரிச்சுடுவீங்களே!" என்று ஒருத்தி சிரித்தாள்.

வக்கீலக்கா சிரிக்கவில்லை. "படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்க. உள்ளுக்குள்ள நான் அப்படித்தானோ என்னமோ" என்றார். அன்று மாலைவரை எந்தச் சட்டையிடமும் பேசவில்லை. வார் அவிழ்ந்த செருப்பைக் கூட யாரும் பார்க்காதபடி மேசைக்கடியில் தள்ளி வைத்துக்கொண்டார். மேசையே இழவு வீடுபோல இருந்தது.

அதைக் கலைத்தவள் எட்டரை. எட்டு மணி வேலைக்கு எட்டரைக்கு வருகிற பெண் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மறுநாள் எட்டரைக்கு வந்தவள் தன் தாளைத் திருட்டு நகை மாதிரி முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, சிரிக்காதீங்க. நேரம் தவறாதவர், தலைமை ஏற்கத் தகுந்தவர்னு எனக்குப் போட்டிருக்கு."

"உனக்கா! அப்படி என்னடி எழுதித் தொலைச்சே?"

"சத்தியமா உண்மையைத்தான் எழுதினேன். நேரத்துக்கு வருவேன்னு இருந்துச்சு. அஞ்சு போட்டேன்."

"அஞ்சுன்னா கந்தலாச்சே!"

"அதான் போட்டேன்."

வக்கீலக்கா அவளையே பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். அடுத்த நொடி, சொல்ல வந்ததைச் சொல்லும் முன்பே சிரித்துவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் சட்டைக்குப் போடுவதுபோலவே, ஒன்று என்றால் நல்லது, ஐந்து என்றால் கந்தல் என்று எங்களுக்கே தரம் போட்டிருந்தோம்!

பதினொரு பேரும் மேடம் முன்னால் போய் நின்றோம். "அஞ்சுன்னா 'முழுக்க உண்மை'ன்னு மேலேயே எழுதியிருக்கேம்மா" என்றார் அவர்.

"மேல எழுதினதை யாரு படிச்சா? எங்க ஊசிக்கும் நூலுக்கும் அஞ்சுன்னா கந்தல்தான்" என்றார் வக்கீலக்கா.

மேடம் கணினியில் எண்களைத் தலைகீழாக மாற்றினார். பதினொரு பேரிலும் வக்கீலக்காவே மேற்பார்வைக்கு மிகவும் உகந்தவர் ஆனார். எட்டரை பொறுப்பற்றவர், முன்னேற வாய்ப்பு குறைவு என்று ஆனாள். அவள் சிரித்தாள், ஆனால் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

தன் காரியம் ஆன பிறகும் வக்கீலக்கா நகரவில்லை. "மேடம், நாங்க பத்துப் பேரும் எங்களுக்கு நாங்களே ஒண்ணும் ரெண்டுமாப் போட்டுக்கிட்டோம். இவ ஒருத்திதான் நான் கந்தல்னு எழுதியிருக்கா. தப்பைத் தப்புன்னு போடறதுதானே செக்கிங்கு? அதுக்கு இதுல என்ன மார்க்கு?"

மேடம் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"இல்லைன்னா போடுங்க."

மேடம் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்தார். பேனாவை அதன்மேல் நிறுத்தி, எங்களை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு ஒண்ணா, அஞ்சா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த திங்கட்கிழமை வக்கீலக்கா சூப்பர்வைசர் மூலைக்குப் போனார். சக்கரம் வைத்த அந்தச் சுழல் நாற்காலியின் தையலை முதலில் நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். நாங்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேசை விளிம்பைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளி, வீங்கிய கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார்.